ஒரு பார்வைக்கு இருபது காசு

நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மழை இரண்டே முக்காலுக்கே பிடித்துவிட்டது. அவசரப் பிரிவின் வாசலில் நின்று பார்த்தால் எதிரே இருக்கும் மலை தெரியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த லாரிகூடத் தெரியவில்லை. அந்த மழைக்குள்ளிருந்து ஒரு பழைய சின்னக் கார் வந்து, ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லத்தான் நான் வெளியே போனேன். பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினார். தோளில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டிரெசரே, புள்ளைக்குத் தல வலிக்குது. சாதா வலி இல்ல. கொஞ்சம் பாருங்க."

நான் டிரெசர் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் அங்கே மருந்து கொடுத்தவருக்குத்தான் அந்தப் பெயர். நான் மலேசிய அரசாங்க மருத்துவ உதவியாளர். முப்பத்தைந்து ஆண்டு சேவை, அதில் இருபத்திரண்டு அவசரப் பிரிவில். ஆனால் சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளைச் சட்டை போட்ட தமிழன் எல்லாரும் டிரெசர்தான். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம் டாக்டர் லிம். அன்றைக்கு எங்களிடம் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர்; இன்று வேறோர் ஊரில் நிபுணர். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். இப்போது பதிவு மேசையில் கணினிப் பலகை வந்துவிட்டதாம். கேட்கும் கேள்விக்கு விரலால் தொட்டால், நோயாளி பச்சையா மஞ்சளா சிவப்பா என்று அதுவே சொல்லிவிடுமாம். இளையவர்களுக்கு அந்தப் பிள்ளையின் கதையை எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கம் எப்படிப் போதும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பலகை மீது எனக்குக் கோபமில்லை. வலி எவ்வளவு என்று கேட்கிறது, வாந்தி உண்டா என்று கேட்கிறது, கண் எப்படி என்று கேட்கிறது. இவற்றில் எது முதலில் வந்தது என்று மட்டும் அது கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். பீடோருக்குப் பக்கத்தில் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடித்தேன். மூன்று ஆண்டு பயிற்சியில் கட்டுப் போடவும், ஊசி போடவும், பதறாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னது வருவதற்கு மட்டும் கூடுதலாகப் பத்து ஆண்டு பிடித்தது.

தலைவலி என்று அவசரப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்று சாயங்காலமே வீட்டில் குதித்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல், சளி, பசி, கண்ணாடி தேவைப்படும் கண், பரீட்சை. ஒரு பிள்ளைக்கு மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் தலைவலி வரும். அன்றைக்குத்தான் பள்ளிக்குப் பல் டாக்டர் வருகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இதற்கெல்லாம் நான் அஞ்சியதில்லை. நான் அஞ்சியது ஒரே வகைக்குத்தான்: நன்றாக இருந்த பிள்ளைக்கு, ஒரு நொடியில், விளக்கைப் போட்டதுபோல் வரும் வலி. அரிதாக வரும். அரிது என்பதால்தான் கைநழுவிப் போகும். முகம் வரைந்த அட்டையைக் காட்டி வலி எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறோம். எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதுதான் பெரிய கேள்வி.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் யோகாம்பிகை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம், ஈப்போவில் வீடு. பதினோரு ஆண்டு அவர் கீழ் வேலை செய்தேன். அவர் நடந்து பார்த்திருக்கிறேன், ஓடிப் பார்த்ததில்லை. என்னை ஒரு நாளும் "மிஸ்டர் வீராசாமி" என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது உயரம் குறைந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், அவர்கள் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி. வெட்கப்படும்படியான கேள்வி ஏதும் கேட்பதாக இருந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடி கழன்றதும் எவ்வளவு பிடிவாதக்காரரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவரிடம் நோயாளியைப் பற்றி மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முந்தி என்ன, பிறகு என்ன, இப்போது என்ன. நாலாவது வாக்கியம் தொடங்கினால் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். வரிசை மாறினால் ஒரே கேள்விதான்: "எது முந்தி?" அதனால் அவருக்கு எங்களுக்குள் "முந்தி டாக்டர்" என்று பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டும் ரம்லிகூட மலாய் பேசிக்கொண்டே "டாக்டர் முந்தி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

சரி, அந்தப் பிள்ளை. பெயர் ஹரிணி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தூக்கி வந்தவர் அவளுடைய அத்தை, பெயர் சாந்தா. அப்பா லாரியோடு தெற்கே போயிருக்கிறார். அம்மா ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட்.

உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான சிவப்புப் பகுதியில் படுக்கவைத்தோம். வந்ததும் ஒருமுறை வாந்தி எடுத்தாள். அழுதாள், ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னாள். லிம் டார்ச்சைக் கண்ணில் அடித்தார். வலது கண்பாவை உடனே சுருங்கியது. இடது கண்பாவை அகல விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் அசையவில்லை. லிம் முகம் மாறியது. கடுமையான தலைவலியோடு ஒரு கண்பாவை மட்டும் விரிந்திருந்தால், உள்ளே மூளை வீங்கி நரம்பை நெரிக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். பாடத்தின்படி அவர் செய்தது சரி.

நான் கையில் ஊசிக்குழாய் ஏற்றக் குனிந்தேன். அப்போது ஒரு வாடை. தைலத்துக்கு அடியில் வேறொரு வாடை, பச்சையாக, கெட்டுப்போனதுபோல. பிள்ளையின் இடது புருவத்துக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், பாசிநிறத்தில் ஒரு கறை. அத்தையின் நகங்களிலும் அதே நிறம்.

"அக்கா, நெத்தியில என்ன போட்டீங்க?"

"ஒன்னும் போடலலா. தைலம் மட்டும்தான்."

"நானும் லயத்துல பொறந்தவன் அக்கா. ஊமத்த வாடை எனக்குத் தெரியாதா?"

அவர் லிம் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தணித்தார். "இலைய நல்லெண்ணெயில வாட்டி நெத்தியில புழிஞ்சேன். எனக்குத் தல வலிச்சா எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க. கிளினிக்ல சொன்னா ஏசுவாங்கன்னுதான்..."

"கண்ணுல வழிஞ்சுச்சா?"

"புள்ள தலைய ஒதறிக்கிட்டே இருந்துச்சு. வழிஞ்சிருக்கும்."

இந்த ஊமத்தையோடு எனக்கு முன்பே பழக்கம் உண்டு. சேவைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். ஒரு கண்பாவை இதேபோல் விரிந்திருந்தது. தலையில் அடிபட்டிருக்கிறது என்று பதறி ஈப்போவுக்கு அனுப்பினோம். மறுநாள் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார். ஊமத்தைச் சாறு பட்டால் கண்பாவை விரிந்துவிடும், சில நாளைக்கு அப்படியே நிற்கும், மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஈப்போக்காரர்கள் எங்களை வெகுநாள் கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்கு மறக்கவில்லை.

லிம்மிடம் மலாயில் சொன்னேன். அவர் பெட்டியை மூடிவிட்டு நீளமாக மூச்சு விட்டார். எல்லார் தோளும் ஒரு சாண் இறங்கியது. இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். வெளியே அப்படி மழை. இரண்டாவது கட்டிலில் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் வேறு. பிள்ளையை மஞ்சள் பகுதிக்கு மாற்றலாமா என்று லிம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் யோகாம்பிகை நடந்து வந்தார்.

நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்: "ஊமத்தை இலை பூசியிருக்கிறார்கள், டாக்டர். சாறு கண்ணில் பட்டு இடது பாவை விரிந்திருக்கிறது. மற்றபடி பிள்ளை தெளிவாக இருக்கிறாள்." மூன்றே வாக்கியம்.

"கெட்டிக்காரத்தனம், மிஸ்டர் வீராசாமி," என்றார். பிறகு, "எது முந்தி? இலையோ, தலைவலியோ?"

அவ்வளவுதான். இலை கண்ணுக்குக் காரணம் சொல்லிவிட்டது. இலை பூசியதற்கு என்ன காரணம்? வாடையை முகர்ந்தே செடியைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடத்தில் நின்றுவிடத் தோன்றும். தெரியாதவன் தேடிக்கொண்டே போயிருப்பான்.

அவர் முக்காலியை இழுத்து அத்தையின் முன் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இலை பூசினது பிழையில்லை. நீங்கள் சொன்னதாலதான் எங்களுக்குக் கண் விளங்கினது. இல்லாட்டி நாங்கள் வேற வழியில போயிருப்பம். இப்ப எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. தலைவலி துவங்கேக்க பிள்ளை என்ன செய்துகொண்டு இருந்தவ?"

"கயிறு குதிச்சுக்கிட்டு இருந்துச்சு டாக்டர். வாசல்ல, எதுத்த வீட்டுப் புள்ளயோட."

"மெல்ல மெல்ல வந்ததோ, திடீரெண்டோ?"

அத்தை யோசித்தார். "ஒரு மாதிரிதான் டாக்டர் இருந்துச்சு. குதிச்சுக்கிட்டு இருந்த புள்ள, டக்குன்னு நின்னு பின்னால திரும்பி, 'யாருடி என் மண்டையில அடிச்சது'ன்னு கேட்டுச்சு. பின்னால யாருமே இல்ல. எதுத்த வீட்டுப் புள்ள முன்னாலதான் நின்னுச்சு. நான்கூட வெளாட்டுன்னு நெனச்சேன்."

டாக்டர் யோகாம்பிகை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்து பிள்ளையின் தலையை மெதுவாகத் தூக்கி மார்பை நோக்கி வளைத்துப் பார்த்தார். கழுத்து பாதிக்கு மேல் வளையவில்லை, ஹரிணி கத்தினாள்.

"ஈப்போ," என்றார். "மூளைக்குள்ள ரத்தம். லிம், நீங்கள் போங்கோ. மிஸ்டர் வீராசாமியும். குழாய் வேண்டாம், பிள்ளை முழிச்சிருக்கிறா. தேவைப்பட்டால் வழியில போடலாம். நெஞ்சுவலிக்காரரை நான் பார்க்கிறன்." தொலைபேசியை எடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். அவர்களிடமும் மூன்று வாக்கியம்தான்.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தலைக்குள் நிலைமை மோசமாகிறதா என்று சொல்வது கண்பாவைதான். இடது கண் இனிச் சில நாளைக்கு ஒன்றும் சொல்லாது. மிஞ்சியது வலது கண்ணும் பிள்ளையின் பேச்சும். நான் ஒட்டுப்பட்டியைக் கிழித்து இடது புருவத்துக்கு மேல் ஒட்டி, "செடிச் சாறு. இந்தக் கண்ணை நம்ப வேண்டாம்" என்று மலாயில் எழுதினேன்.

"என்ன அங்கிள் எழுதுனீங்க?" என்றாள் ஹரிணி.

"ஒன் பேரு."

"அவ்வளவு நீளமாவா இருக்கு என் பேரு?"

ரம்லி வண்டியை எடுத்தார். வைப்பர் எவ்வளவு வேகமாக அடித்தும் கண்ணாடி தெளியவில்லை. லிம் பிள்ளையின் தலைமாட்டில், நான் பக்கத்தில், அத்தை முன்னால். முதுகைச் சாய்த்து உயர்த்தி வைத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கண்ணைப் பார்க்க வேண்டும். நான் டார்ச்சை எடுத்ததுமே அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள். வெளிச்சம் கூசுது."

"ஒரு தடவதான்."

"அங்கேயும் ஒரு தடவதான்னு சொன்னீங்க."

"சரி, சும்மா வேணாம். ஒரு பார்வைக்குப் பத்து காசு தரேன்."

விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "இருவது."

"பத்து காசுக்கு என்ன கொறச்சல்?"

"பத்து காசுக்கு ஒன்னுமே வாங்க முடியாதுலா."

லிம்முக்குத் தமிழ் அரைகுறை. இது புரிந்து சிரித்துவிட்டார். நான் ஒப்புக்கொண்டேன். "ஆனா கணக்கு நீதான் வச்சுக்கணும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆச்சுன்னு கேப்பேன்."

பேச்சுத் தெளிவைச் சோதிக்கப் பிள்ளைகளிடம் பெயரையும் பள்ளியையும் கேட்பது வழக்கம். பெயரைத் தூக்கத்திலும் சொல்லிவிடலாம். கூட்டல் அப்படி இல்லை.

முதல் பார்வை. "எவ்வளவு ஆச்சு?" "இருவது."

இரண்டாவது. "நாப்பது."

மூன்றாவது, சாலையில் தேங்கிய தண்ணீரை வண்டி கிழித்துக்கொண்டு போகும்போது. "அறுவது. ஏமாத்தப் பாக்காதீங்க."

நாலாவதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தாள். "எம்பது."

ஐந்தாவது. கண்பாவை சுருங்கியது, முன்பைவிட ஒரு கணம் தாமதமோ என்று எனக்குச் சந்தேகம். "எவ்வளவு ஆச்சும்மா?"

"எம்பது."

"இல்ல, இன்னொரு தடவ பாத்துட்டேன்ல. எம்பதும் இருவதும்?"

என்னைப் பார்த்தாள். என் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். "எம்பது," என்றாள்.

பத்து காசுக்கு ஒப்புக்கொள்ளாத பிள்ளை, இருபது காசை விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் லிம்மிடம் மலாயில் சொன்னேன்: "டாக்டர், இருபது காசு குறைகிறது."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை அந்த நொடியே ஓடவிட்டார். ஹரிணியின் கண்கள் மூடின. தோளைக் கிள்ளினால் முனகினாள், அவ்வளவுதான். லிம் முகமூடியை வைத்து, பையை அழுத்தி மூச்சுக்கு உதவினார். நான் வானொலியில் ஈப்போவுக்குச் சொன்னேன். ரம்லி திரும்பிப் பார்க்காமல், "பெராப்பா மினிட்?" என்று கேட்டு, அந்த எத்தனை நிமிடத்துக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டார்: "ஒம்பது. நான் கொண்டுபோறேன்."

அந்த ஒன்பது நிமிடமும் நிமிடத்துக்கு ஒருமுறை வலது கண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சுருக்கம் மெதுவாகிக்கொண்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டாலும் நான் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தேன். நூறு காசு ஒரு வெள்ளி; அதற்கு மேல் ஒரு வெள்ளி இருபது. ஒரு வெள்ளி நாற்பது. முன்னாலிருந்து அத்தை, "டிரெசரே, என்ன பணம், என்ன பணம்?" என்று அழுதார். விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஈப்போவில் வாசலிலேயே நின்றார்கள். அத்தை தொலைபேசியில் சொல்லியிருந்ததால் எங்களுக்கு முன்பே பிள்ளையின் அம்மா வந்து நின்றார், தொழிற்சாலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல். அங்கிருந்த டாக்டர் ஒருவர் இடது இமையைத் தூக்கியதும் அப்படியே நின்றார். பிறகு ஒட்டுப்பட்டியைப் படித்தார். வலது கண்ணுக்குப் போனார். மூளைப் படம் எடுக்கும் அறைக்கு அவர்களே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறவியிலேயே பின்மண்டைக்குள் இரத்தக்குழாய்கள் முடிச்சாகப் பின்னிக் கிடந்திருக்கின்றன. அது கயிறு குதித்த நேரத்தில் வெடித்திருக்கிறது. இரத்தம் அடைத்து, மூளையைச் சுற்றி ஓட வேண்டிய நீர் தேங்கிவிட்டது. அன்று சாயங்காலமே குழாய் வைத்து நீரை வடித்தார்கள். பிறகு ஒரு நாள் முடிச்சை எடுத்தார்கள். இலையைக் கண்டுபிடித்தது நான். தலைவலியைக் கண்டுபிடித்தது டாக்டர் யோகாம்பிகை. மருந்தை நேரத்தில் ஓடவிட்டது லிம். இதில் யாருக்கும் கூடுதல் குறைவு இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஓய்வு நாளில் போய்ப் பார்த்தேன். தலையில் பாதி மழித்து, வெள்ளைத் துணிக் கட்டு. கண்கள் இரண்டும் ஒரே அளவில் இருந்தன. அதை முதலில் பார்த்துக்கொண்டேன். அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உசுரோட இருக்கு, அது போதும் அண்ணே. ஆனா பழைய புள்ள இல்ல. கேட்டா ஒரு வார்த்த சொல்லும், தானா வாயத் தொறக்காது. நேத்து வாய்ப்பாடு கேட்டேன். முழிக்குது. டாக்டரும் பொறுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு நாளைக்கு அண்ணே பொறுக்குறது?"

உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்குக் கீழே என் முகம் இருக்கும்படி உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டேன். ஹரிணி டார்ச்சைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"காசு எங்க?" என்றாள்.

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு?" என்றேன்.

"ஒரு வெள்ளி."

ஆம்புலன்சில் தவறவிட்ட இருபது காசை அவள் சேர்த்துவிட்டிருந்தாள். நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கணக்கு என்றால் முழுதாக இருக்க வேண்டும். "நீ தூங்கினப்புறமும் ஒம்பது தடவ பாத்தேன்," என்றேன்.

"கேக்காமயா?"

"கேக்காமதான்."

"கேக்காமப் பாத்தா டபுள்."

"ஹரிணி, அங்கிள்கிட்ட அப்படிலாம் பேசாத," என்றார் அம்மா. நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். போர்வைக்கு மேல் பிள்ளையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. நடுவில் ஒருமுறை நின்றன. மறுபடி முதலிலிருந்து மடிந்தன. என் மனதில் விடை ஏற்கெனவே தயார்.

"நாலு வெள்ளி அறுவது," என்றாள்.

சரியான விடை. அம்மா சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என்னிடம் சில்லறை இல்லை. ஐந்து வெள்ளித் தாளை நீட்டினேன். வாங்கி, நாலாக மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"மீதி நாப்பது காசு?" என்று கேட்டேன்.

"சில்லற இல்லலா அங்கிள்."

ஆக, மொத்தத்தில் எனக்கு ஆன செலவு ஐந்து வெள்ளி.